தலைக்கோல் முதல் நுண்கலைமாணி வரை: எம் பிள்ளைகளின் நடனக் கல்வியும் அதன் தராதரமும்

ஆடல்வல்லானாகிய நடராசப் பெருமானை நாளும் வழிபடுகின்ற சைவ மக்களாகிய எமக்கு ஆடற்கலை வெறும் பொழுதுபோக்கு அன்று. ஐந்தொழிலையும் ஆடலாகவே கண்ட மரபு எம்முடையது. எமது ஊர்ப் பாடசாலைகளுள் ஒன்று நடேஸ்வராக் கல்லூரி என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. காங்கேசன்துறை என்னும் ஊர்ப்பெயரே, மாவிட்டபுரத்துக்குரிய முருகப்பெருமானின் திருவுருவம் வந்திறங்கிய துறை என்ற பொருளில் வழங்குவதாக எம் முன்னோர் சொல்லி வந்தனர். தெய்வத் திருவுருவம் மாத்திரமன்றி இசையும் நட்டுவாங்கமும் இக்கடல் வழியாகவே ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே போய் வந்தன.

இன்று நவராத்திரிக் காலத்தில் எந்த ஆலய மண்டபத்திற்குச் சென்றாலும் சலங்கை கட்டிய சிறுமியர் ஆடுவதைக் காண்கின்றோம். ஆடி முடிந்ததும் அயலவர் தாயிடம் கேட்கும் முதற் கேள்வி, “பிள்ளை எத்தினையாம் கிறேட்?” என்பதாகும். இக்கேள்வியை நாம் எளிதாகக் கேட்டுவிடுகின்றோம். ஆனால் அந்தத் தரம் எங்கிருந்து வந்தது, அதனை யார் வழங்குகின்றனர், அது எதனை உறுதிப்படுத்துகின்றது, அது பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பன பற்றிப் பெற்றோர் பலருக்கும் தெளிவில்லை. அத்தெளிவை இயன்றவரை ஏற்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் கண்ட தராதரம்

நடனத்துக்குப் பரீட்சையும் பட்டமும் வைப்பது மேனாட்டாரிடம் இருந்து வந்த வழக்கம் என்று சிலர் கருதுவர். அது சரியன்று. இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே இதற்குத் தக்க சான்று. மாதவி 5ஆம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, 7 ஆண்டுகள் பயின்று, 12ஆம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள். அவளது ஆற்றலைக் கண்ட மன்னன் தலைக்கோல் என்னும் சிறப்பையும் 1008 கழஞ்சு பொன்னையும் வழங்கினான். வருடக் கணக்கான பயிற்சி, அறிந்தோர் முன்னிலையில் அதனை நிறுவுதல், அதன்பின் அரசு தரும் அங்கீகாரம் என்ற மூன்று படிகளும் அங்கே ஒழுங்காக அமைந்துள்ளன.

இக்காதையில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. மாதவி எப்படி ஆடினாள் என்று சொல்வதற்கு முன்னர், அவளுக்குக் கற்பித்தவர்களின் தகுதியை அடிகள் விரிவாக எடுத்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியே இலக்கணம் வகுத்த பின்னரே அரங்கின் அமைப்புக்கு வருகின்றார். 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அரங்கு இருந்தது என அதற்கும் அளவு கூறுகின்றார். மாணவியின் தராதரம் ஆசிரியரின் தராதரத்திலேயே தங்கியுள்ளது என்பதை எம் முன்னோர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘தலைக்கோலி’ என்னும் பட்டம் பெற்ற ஆடல் மகளிரின் பெயர்கள் காணப்படுகின்றன. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் ஏறத்தாழ 400 ஆடல் மகளிரைப் பல தலங்களிலிருந்தும் வருவித்து, குடியிருக்க வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கினான் என்பதும் கல்வெட்டுச் செய்தியே. கலைஞரின் வயிற்றுப்பாட்டைக் கவனியாமல் கலையை வளர்க்க முடியாது என்பதை அவ்வேந்தன் அறிந்திருந்தான்.

சின்ன மேளம் இருந்த காலம்

யாழ்ப்பாணத்து ஆலயங்களில் முற்காலத்தில் நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம் என்றும், நடன மாதரும் அவரோடு சேர்ந்த நட்டுவனாரும் இசைப்போரும் சின்ன மேளம் என்றும் வழங்கப்பட்டனர். திருவிழா உபயகாரர் தமிழகத்திலிருந்தும் சின்ன மேளக் குழுக்களை வரவழைப்பதைப் பெருமையாகக் கருதினர். காலப்போக்கில் அக்கலையோடு சேர்ந்திருந்த வாழ்க்கை முறை பற்றிய கண்டனங்கள் எழுந்தன. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆலயங்களில் இவ்வாடல் நிகழ்வதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தமிழகத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேவதாசி முறையை ஒழித்தது. இங்கும் சின்ன மேளம் சிறிது சிறிதாக மறைந்தது.

முறை ஒழிந்தது நன்று. ஆயினும் அப்பெண்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலையறிவை நாம் மறத்தலாகாது. இன்று எம் பிள்ளைகள் பயிலும் அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் நிகழ்ச்சி ஒழுங்கைச் செம்மைப்படுத்தியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தஞ்சை நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்போரே. அவர்கள் அந்த இசை மரபினரே. சான்றிதழ் எதுவும் இல்லாத அந்த நட்டுவனார்களின் உழைப்பே இன்றைய சான்றிதழ்கள் அனைத்துக்கும் அத்திவாரம் ஆகும்.

1930களில் ஈ. கிருஷ்ணையர் முதலானோர் இக்கலைக்குச் சமூக மதிப்பை மீட்டெடுக்க உழைத்தனர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணிதேவி அருண்டேல் 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவினார். குருவின் வீட்டுத் திண்ணையில் இருந்த கல்வி வகுப்பறைக்கும் பாடவிதானத்துக்கும் ஆண்டுப் பரீட்சைக்கும் மாறிய காலம் அதுவே. யாழ்ப்பாணத்திலிருந்தும் மாணவியர் கடல் கடந்து அங்கு சென்று பயின்று, ஆசிரியைகளாகத் திரும்பி வந்தனர். இங்கே கொக்குவிலில் ஏரம்பு சுப்பையா அவர்கள் தமது கலாபவனத்தின் மூலம் மாணாக்கர் பலரை உருவாக்கினார். சைவக் குடும்பத்துப் பெண் பிள்ளை மேடையில் ஆடுவதா என்று ஊர் தயங்கி நின்ற காலத்தில் வகுப்பு நடத்திய அம்முன்னோடிகளின் துணிவு போற்றத்தக்கது.

நடராசத் தத்துவத்தையும் அபிநயக் கலையையும் மேனாட்டாருக்கு விளக்கியவர் எமது இனத்தவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை அவர் வேறோர் அறிஞருடன் இணைந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1917இல் வெளியிட்டார். எம் பிள்ளைகள் வாய்ப்பாடமாகச் சொல்லும் 28 ஒற்றைக்கை முத்திரைகளும் அந்நூல் மரபில் வந்தவையே.

வட இலங்கைச் சங்கீத சபை

ஈழத்தில் இசைக்கும் நடனத்துக்கும் ஒழுங்கான பரீட்சை முறையை ஏற்படுத்திய பெருமை 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையைச் சாரும். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் முதலியவற்றோடு நடனத்துக்கும் இச்சபை பாடவிதானம் வகுத்து, தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தி, ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தோருக்குக் ‘கலாவித்தகர்’ என்னும் பட்டத்தை வழங்கி வருகின்றது. எம் ஊர்களில் பெயருக்கு முன்னே இப்பட்டத்தைத் தாங்கிய ஆசிரியைகள் பலரை நாம் அறிவோம்.

இச்சபையால் விளைந்த நன்மை யாது? தனியார் வகுப்பொன்றில் படித்த பிள்ளை, தன் ஆசிரியை அல்லாத வேறொருவர் முன்னிலையில் ஆடிக்காட்ட வேண்டியதாயிற்று. அளவெட்டியில் படித்தாலும் காங்கேசன்துறையில் படித்தாலும் ஒரே பாடவிதானம், ஒரே அளவுகோல் என்ற நிலை வந்தது. செய்முறையோடு அறிமுறையும் சேர்ந்தமையால், ஆடத் தெரிந்த பிள்ளை தான் ஆடுவது என்ன தாளம், என்ன அடவு, என்ன முத்திரை என்று சொல்லவும் எழுதவும் பழகியது. குருவின் பரம்பரையைச் சொல்லியே தகுதியை நிலைநாட்டும் காலம் போய், எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் உழைப்பினால் தகுதி பெறலாம் என்ற கதவு திறந்தது. இது சிறிய மாற்றம் அன்று.

மருதனார்மடத்தில் எழுந்த கலைக்கூடம்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார்கள். அதன் அயலிலே 1960இல் இராமநாதன் சங்கீத அக்கடமி தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் இராமநாதனின் மருமகனாகிய சு. நடேசபிள்ளை அவர்கள். இவர் எமது காங்கேசன்துறைத் தொகுதியை அரசாங்க சபையிலும், 1952 முதல் 1956 வரை பாராளுமன்றத்திலும் பிரதிநிதித்துவம் செய்தவர், அமைச்சராகவும் விளங்கியவர். அரசியல் மேடையை விட்டபின் அவர் கட்டியெழுப்பியது ஒரு கலைக்கூடம் என்பது எமது தொகுதிக்குப் பெருமை தருவதாகும். மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழகத்துப் பெருவித்துவான்கள் அங்கே அதிபராக இருந்து கற்பித்தனர்.

1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பிக்கப்பட்டதை அடுத்து, 1975இல் அக்கடமி பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இராமநாதன் நுண்கலைக் கழகம் என்னும் பெயரோடு இசையும் நடனமும் டிப்ளோமாப் பாடநெறிகளாகக் கற்பிக்கப்பட்டன. பின்னர் அது நுண்கலைமாணிப் பட்டமாக உயர்ந்தது. அண்மைய ஆண்டுகளில் அக்கழகம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் என்னும் தனிப் பீட நிலையை எய்தியுள்ளது. கிழக்கிலே மட்டக்களப்புக் கல்லடியில் 1982இல் தொடங்கிய சுவாமி விபுலாநந்த இசை நடனக் கல்லூரியும் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. ஒரு காலத்தில் திண்ணையில் இருந்த கலை, மருத்துவமும் பொறியியலும் இருக்கும் பல்கலைக்கழகத்தில் சரியாசனம் பெற்றது.

பாடசாலையிலிருந்து பட்டம் வரை

இன்று எம் ஊர்ப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு பாதைகள் உள்ளன. பெற்றோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புகின்றனர்.

முதலாவது பாடசாலைப் பாதை. இடைநிலை வகுப்புக்களில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றைப் பிள்ளை அழகியற் பாடமாகக் கற்பது நீண்டகாலமாக இருந்துவரும் ஒழுங்கு. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரத நடனம் ஒரு பாடமாக உள்ளது. இதற்கு எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. உயர்தரத்தில் சித்தியடைந்தோர் பல்கலைக்கழகத்தின் செய்முறைத் தெரிவிலும் தேறினால் நுண்கலைமாணிப் பட்டப்படிப்புக்குச் செல்லலாம். ஆசிரியத் தொழிலை விரும்புவோருக்குக் கல்வியியற் கல்லூரி, ஆசிரிய கலாசாலைப் பயிற்சிகளும் உள்ளன. நடனத்தை எப்படி ஆடுவது என்பதோடு, 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதனை எப்படிக் கற்பிப்பது என்பதையும் அங்கே பயிற்றுகின்றனர்.

இரண்டாவது சபைப் பரீட்சைப் பாதை. பிள்ளை தனியார் வகுப்பில் பயின்று, தரம் தரமாகப் பரீட்சை எழுதிச் செல்வது. பாடசாலையில் நடன ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு இதுவே கைகொடுக்கின்றது. ஆனால் இது பல்கலைக்கழக அனுமதிக்கு மாற்றீடு ஆகாது. பட்டப்படிப்பை நாடும் பிள்ளை உயர்தரத்தில் எந்தெந்தப் பாடங்களைத் தெரிவு செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே பாடசாலையில் விசாரித்து அறிதல் அவசியம். அனுமதி விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், அவ்வாண்டுக்குரிய பல்கலைக்கழகக் கைந்நூலைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கடல் கடந்தும் இதே தேடல்

புலம்பெயர்ந்து சென்ற எம்மவர் இக்கலையையும் தம்மோடு கொண்டு சென்றனர். இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களில் எம்மவர் தமக்கெனப் பரீட்சைகளை நடத்துவதோடு, அந்நாட்டுச் சபைகளின் அங்கீகாரத்தையும் நாடினர். இங்கிலாந்தில் 1904இல் தோன்றிய நடன ஆசிரியர் சங்கம் ஒன்று, மேனாட்டு நடனங்களுக்கே பரீட்சை நடத்தி வந்தது. அது 1999இல் தெற்காசிய நடனத்துக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிப் பரதத்துக்கும் கதக்குக்கும் தரப் பரீட்சைகளை ஏற்படுத்தியது. அங்கே மாணவருக்கான பரீட்சை வேறு, ஆசிரியருக்கான தகைமை வேறு. நன்றாக ஆடுபவர் எல்லாம் நன்றாகக் கற்பிப்பார் என்று அவர்கள் கொள்வதில்லை. பிள்ளையின் வயது, உடல் வளர்ச்சி, பாதுகாப்பு ஆகியவற்றை அறிந்தவரே ஆசிரியர் ஆகலாம் என்பது அவர்களது நிலைப்பாடு. அரங்கேற்று காதை ஆசிரியருக்குத் தனி இலக்கணம் வகுத்ததை நினைவுகொள்வோருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

சான்றிதழ் சொல்லாதவை

சான்றிதழின் பயனைக் கண்டோம். அதன் எல்லையையும் காணவேண்டும். சான்றிதழ் ஒரு குறித்த நாளில், குறித்த பாடவிதானத்தைப் பிள்ளை குறித்த அளவுக்குச் செய்தது என்பதையே கூறும். பிள்ளைக்கு இக்கலையில் விருப்பம் உண்டா என்பதை அது கூறாது. ஐந்து உருப்படிகளை ஐந்து மாதத்தில் மனனம் செய்வித்து ஒரு தரத்தைக் கடத்திவிடலாம். அடவு சுத்தமோ அவ்வளவு விரைவில் வராது. தட்டடவையும் நாட்டடவையும் மூன்று காலத்திலும் தாளம் பிசகாமல், அரைமண்டி குலையாமல் செய்வதற்கு வருடங்கள் வேண்டும். இத்தரம் சென்ற வருடம், அடுத்த தரம் இந்த வருடம் என்று ஓடும்போது அந்த வருடங்களையே நாம் வெட்டிவிடுகின்றோம். பத்து வயதில் மேல் தரம் எட்டிய பிள்ளை பதினைந்து வயதில் சலங்கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவதை நாம் காண்கின்றோம் அல்லவா?

அரங்கேற்றமும் அவ்வாறே. அது ஒரு மாணாக்கர் தனித்து நின்று ஒரு முழுக் கச்சேரியை நிறைவுசெய்யும் ஆற்றலை அவைக்குக் காட்டும் நிகழ்ச்சி. இன்று அது மண்டபம், அணிகலன், அழைப்பிதழ், விருந்து எனத் திருமண வீட்டுச் செலவாகிவிட்டது. திறமை உள்ள ஏழைப் பிள்ளை, அரங்கேற்றச் செலவை எண்ணியே இடைநடுவில் நின்றுவிடுகின்றது. ஒன்றை இங்கே உறுதியாகச் சொல்லலாம்: பட்டப்படிப்புக்கோ பரீட்சைக்கோ ஆடம்பர அரங்கேற்றம் ஒரு நிபந்தனை அன்று.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்குமுன் ஆசிரியரிடம் சில வினாக்களை மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. அவர் எங்கு பயின்றார், என்ன தகைமை பெற்றார், எந்தச் சபையின் பாடவிதானத்தைப் பின்பற்றுகின்றார், அச்சான்றிதழை எந்த நிறுவனங்கள் ஏற்கின்றன என்பன அவ்வினாக்கள். நல்ல ஆசிரியர் இவற்றுக்கு மனமுவந்து விடையளிப்பார்.

பிள்ளையின் உடலையும் கவனிக்க வேண்டும். அரைமண்டியில் காலைத் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்தே நிகழவேண்டும். முழங்காலை மட்டும் முறுக்கித் திருப்பினால் நாளடைவில் முழங்கால் நோகும். முழங்கால் வளையும் திசையும் பாதத்தின் விரல்கள் நோக்கும் திசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தாயாரே பார்த்துக்கொள்ளலாம். வளரும் வயதில் குதிக்கால் எலும்பு முழுமையாகப் பொருந்தியிராது. ஆகவே கடினமான சீமெந்துத் தரையில் மணிக்கணக்காகத் தட்டுவிப்பது தீங்கு. சீமெந்துத் தொழிற்சாலைக்குப் பேர்போன எமது ஊரில் இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் பலகைத் தளம் பாதுகாப்பானது. அது இல்லாவிடத்துப் பயிற்சியை இடைவெளி விட்டு நடத்துவது நலம். பிள்ளை நோகுது என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆண் பிள்ளைகளை மறந்துவிடுதலும் ஆகாது. ஆடிய பெருமான் ஆண் வடிவினன்; நடனத்தை வகுத்த நட்டுவனார்களும் ஆடவரே. ஆண் பிள்ளை நடனம் பயில்வதைக் கேலி செய்யும் வழக்கம் எமது மரபுக்கே முரணானது.

ஆலயம் செய்யக்கூடியது

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எமது ஊர் இடம்பெயர்ந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்தனர். பாடசாலையும் ஆலயமும் வகுப்பும் ஊரோடு சேர்ந்தே சிதறின. 2015 தையில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2016இல் நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பல் மீண்டும் எமது துறைக்கு வந்தது. வீடுகள் கட்டப்படுகின்றன, கோபுரங்கள் எழுகின்றன. இவற்றோடு கல்வியும் கலையும் திரும்பினாலன்றி ஊர் முழுமையாகத் திரும்பியதாகக் கொள்ள முடியாது. பெரிய வகுப்புக்கள் நகரத்தில் இருப்பதால், மீளக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை பஸ்ஸுக்கும் கட்டணத்துக்கும் வழியின்றி நிற்கின்றது.

இவ்விடத்தில் ஆலயங்கள் செய்யக்கூடியவை சில உள. கிழமைக்கு ஒரு நாள் காலையில் மண்டபத்தைத் தகைமை பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வாடகையின்றி வழங்கலாம். நவராத்திரியில் ஒரு நாளைப் புதிதாகப் பயிலும் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, வாடகை அணிகலன் எதுவுமின்றி எளிய சேலையோடு ஆடச் செய்யலாம். வசதியற்ற பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்தை உபயமாக ஏற்கும் அடியார்களைத் தேடலாம். ஒரு நாள் திருவிழாவின் மின்னலங்காரச் செலவில் சிறு பகுதி, ஒரு பிள்ளையின் ஓராண்டு வகுப்புக்குப் போதுமானதாகும். ஆடல் மகளிருக்கு நெல் அளந்த இராசராசனின் திருப்பணியும் இத்தகையதே.

நிறைவாக

தலைக்கோல் என்றாலும் கலாவித்தகர் என்றாலும் நுண்கலைமாணி என்றாலும் இவையெல்லாம் ஒரு பிள்ளையின் உழைப்புக்குச் சமூகம் தரும் சாட்சியங்கள். சாட்சியம் உண்மையாக இருக்கவேண்டுமானால் உழைப்பு உண்மையாக இருக்கவேண்டும். கற்பிப்போர் தகுதியுடையோராக இருக்கவேண்டும். கேட்கும் பெற்றோர் விளக்கமுடையோராக இருக்கவேண்டும். இனி அயல் வீட்டுப் பிள்ளை ஆடி முடித்து வரும்போது, எத்தனையாம் தரம் என்று கேட்பதற்கு முன், என்ன தாளத்தில் ஆடினாய், யாரிடம் படிக்கின்றாய், ஆடும்போது மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்போமாக. அக்கேள்விகளால் அப்பிள்ளையின் கால் இன்னும் உறுதியாகத் தாளத்தில் விழும்.

எல்லாம் வல்ல ஆடல்வல்லான் திருவருளால் எம் ஊர்ப் பிள்ளைகளின் சலங்கை ஒலி எமது ஆலய மண்டபங்களில் என்றும் ஓங்கி ஒலிப்பதாக.